முப்பது வயதுக்கு மேல் ஸ்டாஃப் நோட்டேஷன்: எங்கே சிக்குகிறது, எப்படி அவிழ்ப்பது

மேற்கத்திய இசையைக் கோடுகளின் மேல் எழுதும் முறையான ஸ்டாஃப் நோட்டேஷனின் விதிகள் அதிகமில்லை. ஐந்து கோடு, நடுவில் நான்கு இடைவெளி. மேலே ஏற ஏறச் சுருதி உயரும், கீழே இறங்கத் தாழும். தொடக்கத்தில் நிற்கும் க்ளெஃப் எந்தக் கோடு எந்தச் சுரம் என்று சொல்லும். தலை வெள்ளையா கறுப்பா, காம்பு உண்டா, காம்பில் வால் உண்டா என்பதைப் பார்த்தால் நீளம் தெரிந்துவிடும். படித்த ஒருவருக்கு இவ்வளவும் இரண்டு மாலைகளில் புரிந்துவிடும். ஆனாலும் கீபோர்டோ வயலினோ கிட்டாரோ கற்கத் தொடங்கிய பெரியவர்களில் பலர், ஓராண்டு கழிந்த பிறகும், புதிய தாள் ஒன்றை முன்னால் வைத்தால் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறார்கள்.

புரிந்துகொள்வதும் படிப்பதும் வேறு வேறு திறன்கள் என்பதுதான் காரணம். புதிதாகக் கற்பவர் ஒரு நோட்டை வாசிக்க என்னென்ன செய்கிறார் என்று பாருங்கள். அடிக்கோட்டிலிருந்து எண்ணுகிறார். 'நாலாவது கோடு, டி' என்று பெயர் கண்டுபிடிக்கிறார். கீபோர்டில் டி எங்கே என்று தேடுகிறார். எந்த விரல் என்று முடிவு செய்கிறார். பிறகு அழுத்துகிறார். அடியைத் தட்டிக்காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-இல் வைத்தால் ஓர் அடி நீளமுள்ள க்ராட்செட்டுக்கு ஒரு நொடி, அதில் பாதியான குவேவருக்கு அரை நொடி. அந்த அரை நொடிக்குள் இந்த ஐந்து வேலையும் அடங்காது. இரண்டு கையும் சேர்ந்தால் வேலை இரட்டிப்பாகும். நன்றாகப் படிப்பவர் இதே ஐந்து வேலையை வேகமாகச் செய்கிறார் என்று நினைப்பது தவறு. அவருக்கு நடுவிலுள்ள மூன்று வேலைகள் கிடையாது. கண் பார்த்த இடத்திலிருந்து கை நேராகப் போகிறது, பெயருக்கு அங்கே வேலையில்லை. பெரியவர்கள் பயிற்சி செய்யும் முறைகளில் பெரும்பாலானவை இந்தப் பெயர் சொல்லும் படியை நீக்குவதில்லை, இன்னும் கெட்டிப்படுத்துகின்றன. சிக்கலின் வேர் அங்கேதான்.

கோடு போட்டு எழுதும் முறை பிறந்ததே கேட்டிராத பாட்டைப் பாடுவதற்காகத்தான். 11-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் அரெட்சோவில் வாழ்ந்த துறவி குவிதோ, பாடகர்கள் பத்தாண்டு பாடம் கேட்டும் புதிய பாட்டைத் தாமாகப் பாட முடியவில்லை என்று வருந்தினார். தன் முறையில் ஓராண்டில், மிஞ்சினால் இரண்டாண்டில் ஒருவர் தேறிவிடலாம் என்று தன் கடிதத்தில் எழுதினார். அவர் வழிவந்த எழுத்தில் கோடுகள் பெரும்பாலும் நான்கு, ஐந்து பின்னால் வந்தது. கேட்டு மனப்பாடம் செய்யும் பழக்கத்துக்கு மாற்றாக வந்த எழுத்தை, கேட்டு மனப்பாடம் செய்தே கற்க முயல்வது இன்றைய பெரியவர்களின் முதல் தடுமாற்றம்.

நல்ல காது போடும் முட்டுக்கட்டை

பெரியவருக்குக் காது பல ஆண்டுகள் பழகியிருக்கும். ஞாபகமும் பலமாக இருக்கும். எட்டு பார் (செங்குத்துக் கோடுகள் பிரிக்கும் தாளப் பகுதி) உள்ள எளிய மெட்டை மூன்று முறை தட்டித் தடவி வாசித்தால் நான்காவது முறை கை தானாக ஓடும், கண் தாளை விட்டு விலகிக் கைகளைப் பார்க்கும். தாள் எதிரே விரிந்துதான் கிடக்கும், ஆனால் அதை யாரும் படிக்கவில்லை. ஒரு மாதம் இப்படிப் போனால் கையில் பாட்டு இருக்கும், படிக்கும் திறன் தொடங்கிய இடத்திலேயே நிற்கும்.

அடுத்தது ரசனை. குழந்தைக்குப் 'ஸ ரி க ரி ஸ' என்று ஐந்து நோட்டு வாசிப்பதே பெருமை. பெரியவருக்கு அது சலிப்பு. அவர் மனதில் இருப்பது நாற்பது ஆண்டாகக் கேட்டுவந்த சினிமாப் பாட்டு, அல்லது பெயர் பெற்ற ஒரு பியானோ உருப்படி. அதைத் தாளில் பார்க்க ஆசைப்படுகிறார். அந்தத் தாளில் நான்கு ஃப்ளாட் (சுருதியை அரைக் கட்டை தாழ்த்தும் குறி), தாழ்ந்த சுருதிகளுக்கான பேஸ் க்ளெஃபில் அகலமான தாவல்கள், ஒரே பாரில் மூன்று வகை நீளம். படிக்க முடியாத கனத்தில் இருப்பதால் ஒவ்வொரு நோட்டாக அவிழ்த்து மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி இருக்காது. அவர் செய்வது புதிர் அவிழ்க்கும் வேலை, படிக்கும் வேலை இல்லை. வாசிக்கும் தரமும் படிக்கும் தரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இசைத் தேர்வுப் படிகளில் மூன்றாம் கிரேடு உருப்படி வாசிப்பவர் முதல் கிரேடுக்கும் கீழே உள்ள தாளைப் படித்துப் பழகுவதுதான் சரியான அளவு.

நோட்டுக்கு மேலே பென்சிலால் சி, டி, இ என்று எழுதிக்கொள்வது பரவலான பழக்கம். கண் சோம்பேறி இல்லை, ஆனால் எளிய வழியைத்தான் எடுக்கும். எழுத்து இருந்தால் எழுத்தைப் படிக்கும், கோட்டைப் பார்க்காது. எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் ஒவ்வொரு வரியின் முதல் நோட்டுக்கும், கை பெரிதாக இடம் மாறும் நோட்டுக்கும் மட்டும் எழுதுங்கள். மற்றதை ரப்பரால் அழித்துவிடுங்கள். கீபோர்டின் மேல் ஒட்டும் எழுத்து ஸ்டிக்கர்களும் இதே கேடுதான் செய்யும், கூடவே கண்ணைக் கைக்கு இழுக்கும்.

விரல் எண்கள் இதைவிட மறைவான பொறி. தொடக்கப் புத்தகங்கள் கட்டைவிரலைச் சி-யில் வைத்து ஐந்து விரலுக்குள்ளேயே முப்பது, நாற்பது பயிற்சிகள் தருகின்றன. மாணவர் நோட்டைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு 1, 3, 5 என்ற எண்ணைப் படிக்கிறார். கட்டைவிரல் ஜி-க்கு நகரும் பாடம் வந்ததும் எல்லாம் உடைகிறது. இது உங்களுக்கு நடக்கிறதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. தெரிந்த பயிற்சியையே வேறு விரலில் தொடங்கி வாசியுங்கள். தடுமாறினால் இதுவரை படித்தது எண்ணைத்தான்.

திரையில் மேலிருந்து கட்டைகள் விழும் வீடியோக்களைப் பார்த்து வாசிப்பவர்கள் சில பாட்டுகளை அழகாகவே வாசிக்கிறார்கள். அதில் தவறில்லை. அந்த வழியாக நோட்டேஷன் மட்டும் வராது.

சுரமாகப் படிக்காதீர்கள், கட்டையாகப் படியுங்கள்

கர்நாடக இசை பயின்றவர்களுக்குத் தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. ஸட்ஜம் அவர்களுக்கு நகரக்கூடியது. 1 கட்டைச் சுருதியிலும் ஸ உண்டு, 5½ கட்டையிலும் ஸ உண்டு. எனவே தாளில் சி-யைப் பார்த்ததும் மனம் 'ஸ' என்கிறது. சி-யே ஸ-வாக நிற்கும் சி மேஜரில் அமைந்த தாளில் இது சரியாகவே போகும். ஜி மேஜர் வந்ததும் ஸ வேறிடம் போய்விடுகிறது. மனம் பழைய ஸ-வைப் பிடித்துக்கொண்டு, காதில் ஒலிப்பதும் கண்ணில் தெரிவதும் பொருந்தாமல் திண்டாடுகிறது.

அவர்கள் கையிலேயே இதற்கான தீர்வு இருக்கிறது. கட்டைக் கணக்கு நகராதது. 1 கட்டை சி, 2 கட்டை டி, 3 இ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. அரைக் கட்டைகள் நடுவிலுள்ள கறுப்புக் கட்டைகள். ஸ்டாஃபின் கோடும் இடைவெளியும் சொல்வது கட்டையை, சுரத்தை அன்று. ஸ எங்கே என்பதைச் சொல்வது வரித் தொடக்கத்திலுள்ள கீ சிக்னேச்சர், அதாவது அங்கே நிற்கும் ஷார்ப் (அரைக் கட்டை உயர்த்தும் குறி) அல்லது ஃப்ளாட் குறிகள். ஷார்ப்கள் இருந்தால் வலப்பக்கக் கடைசி ஷார்ப் காகலி நிஷாதம், அதற்கு அரைக் கட்டை மேலே ஸ. ஒரு ஷார்ப் என்றால் அது எஃப் ஷார்ப், ஆக ஸ 5 கட்டை. இரண்டு ஷார்ப் என்றால் கடைசியில் நிற்பது சி ஷார்ப், ஸ 2 கட்டை. மூன்று என்றால் 6 கட்டை. ஃப்ளாட்கள் இருந்தால் கடைசி ஃப்ளாட் மத்யமம், கடைசிக்கு முந்தைய ஃப்ளாட்டே ஸ. இரண்டு ஃப்ளாட்டுக்கு 6½ கட்டை, மூன்றுக்கு 2½ கட்டை. ஒரே ஒரு ஃப்ளாட் இருந்தால் மட்டும் முந்தையது கிடையாது, ஸ 4 கட்டை என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேஜர் என்றால் தீர சங்கராபரணத்தின் சுரங்கள். அதே சிக்னேச்சரில் மைனரும் வரலாம். அப்போது சங்கராபரணத்தின் த-வே ஸ ஆகும், சுரங்கள் நடபைரவி. ஏ மைனர் தாளில் ஜி-க்கு முன் அடிக்கடி ஷார்ப் தென்பட்டால் நிஷாதம் காகலி ஆகிவிட்டது, அது கீரவாணி. ஸ-வை வேறு சுரத்துக்கு மாற்றி வேறு ராகம் காணும் கிருகபேதம் அறிந்தவருக்கு, மேற்கத்திய மாணவர்கள் மாதக்கணக்கில் மல்லுக்கட்டும் மேஜர்–மைனர் உறவு ஒரே வகுப்பில் முடிந்துவிடும். சரளி வரிசையின் மாயாமாளவகௌளையை மட்டும் எந்த வழக்கமான கீ சிக்னேச்சரும் தராது. டி-க்கும் ஏ-க்கும் பாருக்குள்ளேயே ஃப்ளாட் போட்டுத்தான் எழுத வேண்டும்.

அப்படி எழுதுவதே மிக நல்ல பயிற்சி. மலஹரியில் அமைந்த 'ஸ்ரீ கணநாத' கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆவர்த்தனம் ம ப த ஸ ஸ ரி. 1 கட்டையில் எழுதினால் ம முதல் இடைவெளி, ப இரண்டாம் கோடு, த ஃப்ளாட் போட்ட இரண்டாம் இடைவெளி, மேல் ஸ மூன்றாம் இடைவெளி, ரி ஃப்ளாட் போட்ட நான்காம் கோடு. ரூபக தாளத்தின் ஆறு அட்சரம் 3/4-இல் ஆறு குவேவராக ஒரு பாருக்குள் அடங்கும். கையால், கோடு போட்ட தாளில், இரண்டு மூன்று கீதங்களை எழுதி முடித்தவருக்கு உயர்ந்த சுருதிகளுக்கான ட்ரெபிள் க்ளெஃப் பாதி பழகியிருக்கும். பிறகு அதையே 2 கட்டைக்கு மாற்றி எழுதிப் பாருங்கள்.

தெரிந்த பாட்டு எழுதுவதற்கு உகந்தது, படிப்பதற்கு உகந்ததில்லை. படிக்கும்போது காது முந்திக்கொள்ளும்.

சுரத்தை அசைக்கும் கமகத்தை இந்த எழுத்தில் தேடி ஏமாற வேண்டாம். 1890-களில் சென்னையில் ஏ. எம். சின்னசாமி முதலியார் கீர்த்தனைகளை ஸ்டாஃப் நோட்டேஷனில் அச்சிட்டுப் பெரும் உழைப்பைச் செலவிட்டார். அவர் தூண்டுதலும் சேர்ந்து வெளிவந்த சுப்பராம தீட்சிதரின் எட்டயபுரப் பதிப்பு 1904-இல் ஸரிகம எழுத்தையே கொண்டு, கமகத்துக்குத் தனிக் குறிகளைச் சேர்த்தது. நேர்ச்சுரங்களாலான முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள் மட்டும் இரண்டு எழுத்திலும் சேதமின்றி நிற்கும். அவை சென்னை ஜார்ஜ் கோட்டையின் பாண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த மேற்கத்திய மெட்டுகளுக்கு எழுதப்பட்டவை.

இன்னொரு குழப்பம் புள்ளி. ஸரிகம எழுத்தில் மேல் புள்ளி தார ஸ்தாயி, கீழ்ப் புள்ளி மந்திர ஸ்தாயி. ஸ்டாஃபில் தலைக்கு மேலோ கீழோ புள்ளி இருந்தால் அந்த நோட்டைச் சுருக்கி வெட்டி வாசிக்க வேண்டும், ஸ்தாயிக்கும் அதற்கும் தொடர்பில்லை. தலைக்கு வலப்பக்கம் புள்ளி இருந்தால் நீளத்தில் பாதி கூடும்.

ஐந்து சி-க்களும் தூரங்களும்

கோடுகளுக்கு ஒரு வாக்கியம், இடைவெளிகளுக்கு ஒரு சொல் என்று ஆங்கில நினைவுச் சூத்திரங்களைச் சொல்லித் தருவது வழக்கம். இரண்டு க்ளெஃபுக்கும் சேர்த்து நான்கு சூத்திரம். முதல் வாரத்துக்கு உதவும். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு நோட்டுக்கும் சூத்திரத்தைத் தொடக்கத்திலிருந்து ஓதும் பழக்கம் வந்துவிடும்.

அதற்குப் பதில் நங்கூரமாகச் சில நோட்டுகளைக் கண்டதும் தெரியும்படி பழகலாம். ஐந்து சி-க்கள் போதும். ட்ரெபிளுக்குக் கீழே ஒரு லெட்ஜர் கோட்டில் (ஐந்து கோட்டுக்கு வெளியே போடும் குட்டிக் கோடு) நடு சி. அதுவே பேஸுக்கு மேலே ஒரு லெட்ஜர் கோட்டில் இருப்பதும். ட்ரெபிளில் கீழிருந்து மூன்றாம் இடைவெளி ஒரு சி, பேஸில் மேலிருந்து மூன்றாம் இடைவெளி ஒரு சி. ட்ரெபிளுக்கு மேலே இரண்டாம் லெட்ஜர் கோடு ஒரு சி, பேஸுக்குக் கீழே இரண்டாம் லெட்ஜர் கோடு ஒரு சி. நடு சி-யில் கண்ணாடி வைத்ததுபோல் மேலும் கீழும் ஒத்திருப்பதால் இவை மனதில் சுலபமாகத் தங்கும். இவற்றோடு க்ளெஃப்களே காட்டும் இரண்டு நோட்டுகள்: ட்ரெபிள் க்ளெஃபின் சுருள் சுற்றும் இரண்டாம் கோடு ஜி, பேஸ் க்ளெஃபின் இரு புள்ளிக்கு நடுவே ஓடும் நான்காம் கோடு எஃப்.

இந்த ஏழையும் சீட்டுகளில் வரைந்து, சீட்டைப் பார்த்ததும் வாத்தியத்தில் அழுத்திப் பழகுங்கள். வாயால் பெயர் சொல்லிப் பழகாதீர்கள். நோட்டின் பெயரைத் திரையில் தொடச் சொல்லும் செயலிகளில் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டு வாத்தியத்தின் முன் திகைப்பவர்கள் இதனால்தான் திகைக்கிறார்கள். அவர்கள் பழகியது பெயர் சொல்ல.

நங்கூரம் பழகியபின் மீதியைத் தூரத்தால் படிக்க வேண்டும். கோட்டிலிருந்து அடுத்த இடைவெளிக்குப் போனால் பக்கத்துக் கட்டை. கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போனால் ஒன்று விட்டு ஒன்று, அதாவது தேர்ட். நடுவில் ஒரு கோட்டை விட்டு அதற்கடுத்த கோட்டுக்குத் தாவினால் ஃபிஃப்த், ஸ–ப தூரம். கோட்டிலிருந்து கோட்டுக்கு, இடைவெளியிலிருந்து இடைவெளிக்குப் போகும் தூரமெல்லாம் ஒற்றைப்படை: தேர்ட், ஃபிஃப்த், செவன்த். கோட்டிலிருந்து இடைவெளிக்கு மாறினால் இரட்டைப்படை: செகண்ட், ஃபோர்த், சிக்ஸ்த், ஆக்டேவ். ஆக்டேவின் இரு முனைகளும் ஒரே நோட்டானாலும் ஒன்று கோட்டிலும் மற்றது இடைவெளியிலும் நிற்கும் என்பது பலரை நெடுநாள் ஏமாற்றுகிறது.

ஒரு மெட்டில் பெரும்பாலான நகர்வுகள் பக்கத்துக் கட்டையும் தேர்டும்தான். ஆகவே முதல் நோட்டை நங்கூரத்தால் பிடித்து, பிறகு 'மேலே, மேலே, அதே, ஒன்று தாவிக் கீழே' என்று படிப்பது ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிப் படிப்பதைவிட வேகமானது. வழி தவறினால் அடுத்த நங்கூரத்தில் மீண்டும் பிடித்துக்கொள்ளலாம். ஒரே நேரத்தில் ஒலிக்கும் நோட்டு அடுக்குகளான கார்டுகளையும் உருவமாகவே பாருங்கள். அடுத்தடுத்த மூன்று கோடுகளில் மூன்று தலைகள் அடுக்கியிருந்தால் அடியிலிருப்பதே கார்டின் பெயர். மேல் தலை மட்டும் சற்று விலகி நின்றால் அது கார்டின் 'முதல் திருப்பம்', மேல் தலையே பெயர் தரும்: கீழே தேர்ட், மேலே ஃபோர்த். அடுக்கை எப்போதும் கீழிருந்து மேலே படியுங்கள்.

பேஸ் க்ளெஃப்

ட்ரெபிள் ஓரளவு வந்த பிறகும் இடது கை ஊமையாகவே இருப்பது மிகப் பொதுவான புகார். காரணம் எளிது. தொடக்கப் புத்தகங்களில் மெட்டு வலது கைக்கு, இடது கைக்கு நீண்ட இரண்டு மூன்று நோட்டுகள் மட்டும். கண் பேஸைப் படிக்கும் அளவே குறைவு. பேஸை ட்ரெபிளிலிருந்து 'இரண்டு எழுத்து தள்ளி' என்று கணக்குப் போட்டுப் படிக்கச் சொல்லும் குறுக்குவழியை ஏற்காதீர்கள். அது பெயர் சொல்லும் படிக்கு மேல் இன்னொரு படியை ஏற்றுகிறது. முழுதாக இரண்டு மூன்று வாரம் பேஸை மட்டும், இடது கையால் மட்டும் படிப்பதே நேர்வழி. தேவாலயப் பாடகர் குழுக்கள் பயன்படுத்தும் நான்கு குரல் பாடல் தாள்கள் இதற்கு நல்ல சரக்கு. அடிக் குரலை மட்டும் தனியே வாசியுங்கள். நோட்டுகள் பெரும்பாலும் க்ராட்செட், அதன் இரட்டிப்பான மினிம் என்ற அளவில் இருப்பதால் தாளத்தில் சிக்காமல் சுருதியில் மட்டும் கவனம் வைக்க முடியும்.

தாளம் தனியாக

தவறான நோட்டு விழுந்தால் உடனே காதில் குத்துகிறது. தாளம் பிசகினால் கற்பவருக்கு அது தெரிவதே இல்லை. தனியாக வாசிப்பவர் கஷ்டமான இடத்தில் மெதுவாகி, சுலபமான இடத்தில் ஓடுவார், தாளில் உள்ளபடி வாசித்ததாகவே நம்புவார். புதிய தாளில் நோட்டைத் தொடுவதற்கு முன் அதன் தாளத்தை மட்டும் தொடையிலோ மேசையிலோ தட்ட வேண்டும். ட்ரெபிளும் பேஸும் இணைந்த கிராண்ட் ஸ்டாஃப் என்றால் வலக்கை மேல்வரிக்கு, இடக்கை கீழ்வரிக்கு.

எண்ணுவதற்கு ஆங்கில 'ஒன் அண்ட் டூ அண்ட்' தேவையில்லை. சொற்கட்டு இதைவிடத் தெளிவானது. ஒரு க்ராட்செட்டுக்கு நான்கு செமிகுவேவர் என்றால் தகதிமி. இரண்டு குவேவர் என்றால் தக. ட்ரிப்ளெட்டுக்குத் தகிட. பெரும்பாலானவர்கள் வழுக்கும் இடம் புள்ளி வைத்த க்ராட்செட்டும் அதையடுத்த குவேவரும். இரண்டு அடிக்கு ஒரு தகதிமி என்று சமமாகச் சொல்லுங்கள். 'த'-வில் முதல் நோட்டு, 'மி'-யில் இரண்டாவது. 'க', 'தி' இரண்டையும் வாயால் சொல்லியே கடக்க வேண்டும், விழுங்கினால் குவேவர் முந்தி விழும். 3/4-க்கும் 6/8-க்கும் பாரில் ஆறு குவேவர்தான். 3/4 என்றால் தக தக தக, 6/8 என்றால் தகிட தகிட. குவேவர்களைச் சேர்த்துக் கட்டியிருக்கும் பட்டை எத்தனை நோட்டை இணைக்கிறது என்று பார்த்தாலே எது என்று தெரியும்.

ஓய்வுக் குறிகளைக் கண் தாண்டிவிடும், கை முந்தைய நோட்டிலேயே அழுந்திக் கிடக்கும். ஓய்வு வந்ததும் கையைக் கட்டையிலிருந்து கண்ணுக்குத் தெரியும்படி தூக்குங்கள். பார்க்கோட்டைத் தாண்டி வளைகோடு ஒரே சுருதியுள்ள இரண்டு நோட்டுகளை இணைத்தால் இரண்டாவதைத் தட்டக் கூடாது. பாருக்குள் வரும் ஷார்ப்போ ஃப்ளாட்டோ அந்த பார் முடியும்வரை அந்த ஸ்தாயியில் செல்லும். கீ சிக்னேச்சரில் இருப்பதோ எல்லா ஸ்தாயிக்கும், கடைசிவரை. ஜி மேஜரில் எஃப் ஷார்ப் மேல்கோட்டில் எழுதியிருப்பதால் கீழ் எஃப்-ஐ வெறுமனே வாசிப்பது புதியவர்களின் நிரந்தரத் தவறு.

நாள்தோறும் பதினைந்து நிமிடம்

ஞாயிறு இரண்டு மணி நேரம் உட்கார்வதைவிடத் தினம் 15 நிமிடம் பலன் தரும், அதுவும் வாத்தியப் பயிற்சியின் தொடக்கத்தில். களைத்த பிறகு கண் தாளில் நிற்காது. முதல் மூன்று நிமிடம் சீட்டுகள். அடுத்த மூன்று நிமிடம் தாளம் தட்டல். மீதி நேரம் முன்பு பார்த்திராத தாள்: நான்கிலிருந்து எட்டு பார், ஒரே கை அல்லது மிக எளிய இரு கை.

அந்தத் தாளைத் தொடுவதற்கு முன் அரை நிமிடம் பார்வையால் மட்டும் ஓட்டுங்கள். கீ சிக்னேச்சர் என்ன, ஸ எங்கே, பாருக்கு எத்தனை அடி, மிகச் சிறிய நோட்டு எது, மிக உயர்ந்ததும் தாழ்ந்ததும் எவை, எந்த பார் மீண்டும் வருகிறது. வேகத்தை முடிவு செய்ய வேண்டியது மிகச் சிறிய நோட்டு. முதல் பாரின் சுலபமான க்ராட்செட்டுகளை நம்பி வேகத்தை எடுத்தவர் மூன்றாம் பாரில் செமிகுவேவர் வந்ததும் கவிழ்வார். மெட்ரோனோம் 50-இல் இருக்கட்டும். பிறகு நிற்காமல் வாசியுங்கள். தவறான நோட்டு விழுந்தால் விழட்டும், அடுத்த அடியில் சேர்ந்துகொள்ளுங்கள். திரும்பிப் போய்த் திருத்தும் பழக்கம்தான் பெரியவர்களிடம் கடைசிவரை போகாதது. தவறைச் சகிக்காத மனம் அவர்களுக்கு. உருப்படியைப் பழகும்போது அந்த மனம் நல்லது, படிக்கும்போது தடை.

ஒரு தாளை இரண்டு முறை மட்டும் வாசித்துவிட்டு மூடிவிடுங்கள். மூன்றாம் முறை ஞாபகம் வேலையைத் தொடங்கிவிடும். ஒரு மாதம் கழித்து அதே தாள் மீண்டும் புதிதாகிவிடும். எனவே நூற்றுக்கணக்கில் சிறு தாள்கள் வேண்டும். பழைய புத்தகக் கடைகளில் கிடைக்கும் முதல் கிரேடுப் புத்தகங்கள், வயலின் அல்லது ரெக்கார்டருக்கான தொடக்கப் புத்தகங்கள், காப்புரிமை முடிந்த தாள்களை இலவசமாகத் தரும் ஐஎம்எஸ்எல்பி தளம் எல்லாம் உதவும். வேறு வாத்தியத்தின் புத்தகத்தில் உங்கள் விரல் எண்கள் இருக்காது. அதுவே ஒரு நன்மை.

வாசிக்கும் இடத்தைவிடக் கண் முன்னால் போக வேண்டும் என்று எல்லா ஆசிரியர்களும் சொல்வார்கள். எவ்வளவு முன்னால்? பிரிட்டிஷ் உளவியலாளர் ஜான் ஸ்லோபோடா 1970-களில், பியானோ வாசித்துக்கொண்டிருக்கும்போதே தாளை மறைத்துவிட்டு அதன்பின் எத்தனை நோட்டைச் சரியாகத் தொடர்கிறார்கள் என்று பார்த்தார். தேர்ந்தவர்கள் ஏழு நோட்டு வரை தொடர்ந்தார்கள், தேராதவர்கள் மூன்று நான்கோடு நின்றார்கள். இதைப் பழக ஓர் அஞ்சலட்டை போதும். நண்பர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து, நீங்கள் ஒரு பாரை வாசிக்கத் தொடங்கியதுமே அந்த பாரை அட்டையால் மூடட்டும். கண்ணுக்கு அடுத்த பாருக்குப் போவதைத் தவிர வழியிருக்காது. முதலில் ஒரு பாரில் இரண்டே நோட்டுள்ள தாளில் தொடங்குங்கள்.

கையைப் பார்க்காமல் வாசிப்பதும் இதோடு சேர்ந்தது. கீபோர்டில் இரண்டு, மூன்று என்று கூட்டமாக நிற்கும் கறுப்புக் கட்டைகளை விரல் நுனியால் தடவி, கண்ணை மூடிக்கொண்டு சி-யையும் எஃப்-ஐயும் கண்டுபிடித்துப் பழகுங்கள். இரண்டு கட்டைக் கூட்டத்துக்கு இடப்பக்கம் சி, மூன்று கட்டைக் கூட்டத்துக்கு இடப்பக்கம் எஃப்.

தேர்வு எழுதுபவர்களுக்கு ஒரு கணக்கு. ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியத்தின் நேர்முகச் செய்முறைத் தேர்வின் 150 மதிப்பெண்ணில் சைட் ரீடிங்குக்கு 21. தேர்ச்சிக்கு மொத்தம் 100. பார்த்திராத தாளைத் தந்து அரை நிமிடம் அவகாசம் தருவார்கள், அந்த நேரத்தில் மெதுவாக வாசித்துப் பார்க்கவும் அனுமதி உண்டு. மூன்று உருப்படிகளை ஆறு மாதம் மெருகேற்றிவிட்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம் சைட் ரீடிங் புத்தகம் வாங்குவது பயனற்றது. இந்தத் திறன் வாரத்தில் வளராது. தினம் 15 நிமிடம் என்றால் நங்கூரங்களுக்கு இரண்டு மூன்று வாரம், ஒற்றைக் கை மெட்டுகளுக்கு இரண்டு மூன்று மாதம், இரு கை எளிய தாளைத் தட்டுத் தடுமாறாமல் படிக்க ஓராண்டு என்று வைத்துக்கொள்வது நியாயமான எதிர்பார்ப்பு.

வாத்தியத்துக்கு வாத்தியம்

கிட்டாரில் ஒரே நோட்டுக்குப் பல இடங்கள். வெறுமனே மீட்டும் முதல் தந்தியின் இ, இரண்டாம் தந்தியில் 5-ஆம் ஃப்ரெட்டிலும், மூன்றாவதில் 9-ஆம் ஃப்ரெட்டிலும், நான்காவதில் 14-ஆம் ஃப்ரெட்டிலும் கிடைக்கும். எனவே கிட்டார் கற்பவர் முதல் சில மாதங்கள் முதல் நான்கு ஃப்ரெட்டுக்குள் மட்டுமே படிப்பது என்று தீர்மானித்துக்கொள்ள வேண்டும். கர்நாடக வயலின் வாசிப்பவர்களுக்குச் சுருதி கூட்டலே தடை. ஸ ப ஸ ப என்று கூட்டிய தந்திகளில் ஸ்டாஃபைப் படித்தால் விரலிடம் பொருந்தாது. படிக்கும் பயிற்சிக்கு ஜி, டி, ஏ, இ என்று கூட்டுங்கள், முடிந்தால் அதற்கென்று இரண்டாவது வயலின் வைத்துக்கொள்ளுங்கள். வயலினுக்கு ஒரே க்ளெஃப், ஒரே வரி என்பதால் கீபோர்டைவிட விரைவில் படிக்க வரும். சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் அன்று எழுதிய தாளை அன்றே வாசித்துப் பதிவு செய்யும் வயலின் கலைஞர்களின் மரபு நெடியது. இளையராஜா, சொந்த ஊரிலேயே ஆர்மோனியமும் பாட்டும் கைவந்த பிறகு, 1960-களின் இறுதியில் சென்னைக்கு வந்து, இருபது வயதைக் கடந்த நிலையில்தான் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை எழுதவும் படிக்கவும் கற்றார்.

கடைசியாகக் கண். நாற்பதைத் தாண்டியவர்கள் தங்கள் தடுமாற்றத்துக்கு மூளையைக் குறை சொல்வார்கள், காரணம் பல சமயம் கண்ணாடி. படிக்கும் கண்ணாடி பெரும்பாலும் 35–40 செ.மீ. தூரத்துக்குச் செய்யப்படுவது. கீபோர்டின் தாள் தாங்கி 60–70 செ.மீ. தள்ளி இருக்கும். அந்தத் தூரத்தில் கோடும் இடைவெளியும் ஒன்றோடொன்று கலங்கித் தெரியும், தலை கோட்டில் இருக்கிறதா இடைவெளியில் இருக்கிறதா என்பதே ஊகமாகிவிடும். புரோகிரஸிவ் கண்ணாடி போட்டவர்கள் கண்ணாடியின் சரியான பகுதி தாளில் விழ மோவாயைத் தூக்கிக்கொண்டு வாசிப்பார்கள், அரை மணியில் கழுத்து வலிக்கும். உங்கள் இருக்கையிலிருந்து தாள் வரையுள்ள தூரத்தை அளந்துகொண்டு போய்க் கண் மருத்துவரிடம் சொல்லி, அந்தத் தூரத்துக்கு மட்டும் தனிக் கண்ணாடி வாங்குங்கள். அதுவரை ஏ4 தாளை ஏ3 அளவுக்குப் பெரிதாக்கி நகலெடுத்து, விளக்கைத் தாளின் மேல் விழும்படி வையுங்கள். கைபேசித் திரையில் ஸ்டாஃபைப் படிக்கவே வேண்டாம்.